சுகர் வந்துருச்சா? ஸ்வீட்டு, கலர், டயட் சோடாவை எப்படி வச்சுக்கிறதுன்னு நம்ம ராமநாதபுரம் கரைக்காரங்களுக்கு

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கே வீட்டுல ரெண்டு கட்சி பிரிஞ்சிரும். ஒரு கட்சி, இனிமே உனக்கு பாயசம் கிடையாது அல்வா கிடையாது வாழைப்பழம் கூடக் கிடையாதுன்னு சொல்லி சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரண்ல வச்சிரும். இன்னொரு கட்சி, அட ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரப்போகுது, அதான் மாத்திரை குடுத்துருக்காகள்லன்னு தட்டை நீட்டும். ரெண்டு பேருமே பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா முதல் கட்சி சொல்றபடி இருந்தா ஒரு மாசம் ஓடும், அப்புறம் ராத்திரி 11 மணிக்கு யாருக்கும் தெரியாம அடுப்படியில நின்னு திங்கிற பழக்கம் வந்துரும். ரெண்டாவது கட்சி பேச்சைக் கேட்டா மூணு மாசம் கழிச்சு ரத்த டெஸ்ட்டே சொல்லிரும்.

எனக்கு சுகர் வந்து வருஷக்கணக்காச்சு, அம்மாவுக்கும் இருந்துச்சு, சொந்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு. புதுசா வந்தவங்க யாரு கேட்டாலும் நான் சொல்றது இதான்: குடிக்கிற சர்க்கரையை இன்னைக்கே நிறுத்துங்க, மென்னு திங்கிற இனிப்புக்கு ஒரு கணக்கு வைங்க. இந்த வரிசை ரொம்ப முக்கியம். நிறைய பேரு தலைகீழாப் பண்றாங்க, கல்யாண வீட்டுல ஒரு லட்டைக் கூடத் தொடமாட்டேன்னு வைராக்கியமா இருப்பாங்க, ஆனா நாளைக்கு அஞ்சு டீ, மத்தியானம் வெயிலுக்கு ஒரு கலர், சாயங்காலம் நன்னாரி சர்பத்துன்னு ஓடிக்கிட்டே இருக்கும்.

முதல்ல உங்க நம்பர் எங்க இருக்குன்னு பாருங்க

ஸ்வீட் திங்கலாமா கூடாதான்னு கேக்குறதுக்கு முன்னாடி இப்ப சுகர் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். வெறும் வயித்துல 126ஓ அதுக்கு மேலயோ, இல்லன்னா ஹெச்பிஏ1சி 6.5ஓ அதுக்கு மேலயோ இருந்தா சுகர்னு சொல்லுவாங்க. இந்த ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூணு மாச சராசரி, டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் பத்தியமா இருந்து அதை ஏமாத்த முடியாது. மருந்து ஆரம்பிச்ச பிறகு பொதுவா டாக்டருங்க வைக்கிற இலக்கு, வெறும் வயித்துல 80லேர்ந்து 130, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 180க்குள்ள, ஹெச்பிஏ1சி 7க்குள்ள. வயசானவங்களுக்கும் வேற வியாதி இருக்கவங்களுக்கும் இதைக் கொஞ்சம் தளர்த்துவாங்க, அது உங்க டாக்டர் சொல்ற கணக்குதான்.

கண்டுபிடிக்கும்போதே 300, 350ன்னு இருந்தா, அது எறங்குற வரைக்கும் ஸ்வீட் பேச்சே வேணாம், சில வாரம் பொறுங்க. அதோட வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது, மயக்கமா வர்றது இதுல எதாவது இருந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

இன்னொண்ணு நம்ம பக்கம் அடிக்கடி பாக்குறது. சுகர் இருக்குன்னு தெரியிறதுக்கு முன்னாடி பல பேருக்கு அடங்காத தாகம் எடுக்கும். ரத்தத்துல சுகர் 180ஐத் தாண்டினா கிட்னி அதை மூத்திரத்துல வெளிய தள்ள ஆரம்பிக்கும், கூடவே தண்ணியும் போகும், அதான் தாகம். நம்ம ஊரு தண்ணியோ பாதி எடத்துல உப்புக் கரிக்கும், அதைக் குடிக்கப் பிடிக்காம கலர், சர்பத்துன்னு வாங்கிக் குடிப்பாங்க, அது சுகரை இன்னும் ஏத்தும், தாகம் இன்னும் கூடும். ரிப்போர்ட் 400ல வந்து நிக்கிற பல பேரு கதை இதுதான். அதனால வீட்டுல யாராவது திடீர்னு சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சா கலர் வாங்கிக் குடுக்காம ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

குடிக்கிற சர்க்கரை

தண்ணியில கரைஞ்ச சர்க்கரைக்கு மெல்லுற வேலையும் இல்ல, நார்ச்சத்தும் இல்ல, வயித்துல தங்காம விறுவிறுன்னு குடலுக்குப் போயி ரத்தத்துல ஏறிரும். வயிறு ரொம்பின உணர்வும் வராது, அதனால அதுக்கு மேல வழக்கமான சாப்பாட்டையும் முழுசாத் தின்னுருவோம்.

டீயை எடுத்துக்குங்க. கடை டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு வச்சா ஏறக்குறைய 10 கிராம். நாளைக்கு அஞ்சு டீன்னா 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சாதாரணமா ஆரோக்கியமா இருக்க ஆளுக்கே நாள் முழுக்க எல்லாம் சேர்த்து 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள இருக்கச் சொல்லுது. அந்த 50ஐயும் வெறும் டீயிலேயே முடிச்சிர்றோம். மாசத்துல 30 நாளும். இதோட ஒப்பிட்டா தர்கா கந்தூரி அன்னைக்குத் தின்ன ஒரு துண்டு இனிப்பெல்லாம் ஒரு கணக்கே இல்ல. கடையில "அண்ணே, சர்க்கரை போடாம"ன்னு சொல்லப் பழகுங்க, நேரா அதுக்குப் போக முடியலன்னா ரெண்டு ஸ்பூனை ஒண்ணாக்குங்க, ஒரு வாரம் கழிச்சு அரை, அப்புறம் ஒண்ணுமில்ல. நாக்கு பழகிரும், நெசமாவே பழகிரும், கொஞ்ச நாள் கழிச்சு யாராவது மறந்து சர்க்கரை போட்டுக் குடுத்தா குடிக்கவே முடியாது.

கலருக்கு வருவோம். சாதா கோலாவுல 100 மில்லிக்கு ஏறக்குறைய 10, 11 கிராம் சர்க்கரை, ஒரு சின்ன 250 மில்லி பாட்டில்னாலே அஞ்சு ஸ்பூனுக்கு மேல. ஆரஞ்சு கலரு, பன்னீர் சோடா, திராட்சைக் கலரு, ரோஸ்மில்க், நன்னாரி சர்பத்து எல்லாம் அதே கூட்டம்தான். நன்னாரி வேரு குளிர்ச்சி, நல்லதுன்னு சொல்லிக் குடிக்கிறாங்க, வேரு நல்லதாவே இருக்கட்டும், அந்தப் பாகு முழுக்க சர்க்கரைதானே. பழ ஜூஸும் அப்படித்தான், அதுவும் கடையில வெள்ளைச் சர்க்கரையும் அள்ளிப் போட்டுத்தான் அடிக்கிறாங்க. ஒரு சாத்துக்குடியை உரிச்சுத் தின்னுங்க, மூணு பழத்தைப் பிழிஞ்சு குடிக்காதீங்க.

கருப்பட்டி, பதநீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்

சாயல்குடியிலேர்ந்து உச்சிப்புளி, மண்டபம் வரைக்கும் பனைதான் நம்ம மண்ணோட மரம். அதனாலேயே கருப்பட்டி மேல நமக்கு ஒரு பிரியமும் நம்பிக்கையும் இருக்கு. "வெள்ளச் சீனிதான் சுகருக்கு ஆகாது, கருப்பட்டி போட்டுக் குடி, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லாத பெரியவங்க கிடையாது. எனக்கும் கருப்பட்டிக் காப்பின்னா உசுரு, ஆனா இதைச் சொல்லித்தான் ஆகணும். கருப்பட்டியில முக்கால் பங்குக்கு மேல சர்க்கரைதான், வெள்ளைச் சீனியில இருக்க அதே சுக்ரோஸ். கூட கொஞ்சம் தாது உப்பு இருக்கு, மணம் இருக்கு, வெள்ளைச் சீனி மாதிரி கெமிக்கல் போட்டு வெளுக்குறது இல்ல, இதெல்லாம் சரி. ரத்தத்துல ஏறுற விஷயத்துல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஒரு ஸ்பூன் சீனிக்குப் பதிலா நல்லதுன்னு நெனச்சு ரெண்டு துண்டு கருப்பட்டி போட்டா சுகர் கூடத்தான் செய்யும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கல்கண்டு, தேன் எல்லாத்துக்கும் இதே கணக்கு, தேன்ல ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. கருப்பட்டி வேணும்னா இனிப்புங்கிற கணக்குல வைங்க, எப்பவாவது, அளவா. மருந்துங்கிற கணக்குல வைக்காதீங்க.

பதநீர்ல 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும், அதைக் காய்ச்சித்தானே கருப்பட்டி எடுக்குறாங்க. மரத்தடியில ஒரு ஓலைப்பட்டை நெறைய வாங்கிக் குடிச்சா ஒரு பாட்டில் கோலாவுக்குச் சமமா ஆயிரும், இயற்கைங்கிறதால ரத்தத்துல ஏறாம இருக்காது. சீசன்ல ஆசைக்கு ரெண்டு மடக்கு, அதோட போதும். நுங்கு பரவாயில்ல, பெரும்பகுதி தண்ணிதான், ரெண்டு மூணு சுளை தாராளமாத் திங்கலாம், ஆனா நுங்கு சர்பத்துன்னு பாகு ஊத்தித் தந்தா வேணாம்னு சொல்லிருங்க. இளநீர்லயும் சர்க்கரை இருக்கு ஆனா பதநீரை விட ரொம்பக் கம்மி, இனிப்பு கம்மியான இளசா பாத்து ஒண்ணு குடிக்கலாம், கிட்னி பிரச்சனை இருக்கவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்குங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. பனங்கிழங்கு மாவுச்சத்து, அதைச் சும்மா கொறிக்கிறதுன்னு நெனைக்காம, கிழங்கு தின்ன அன்னைக்கு ஒரு கரண்டி சோத்தைக் குறைங்க.

டயட் சோடா

டயட், ஜீரோன்னு போட்டு வர்ற கோலாவுல சர்க்கரைக்குப் பதிலா ஆஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் மாதிரி இனிப்பூட்டிகள் இருக்கும். ஆஸ்பார்டேம் சீனியை விட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு, சுக்ரலோஸ் 600 மடங்கு, அதனால துளி போட்டாலே போதும், அந்தத் துளியால ரத்த சர்க்கரை ஏறாது. கலருக்கு அடிமையாகிப் போனவங்களுக்கு, தினமும் ரெண்டு பாட்டில் குடிச்சவங்களுக்கு, அதை விட்டு வெளிய வர இது ஒரு நல்ல படிக்கட்டு. சாதா கோலாவா டயட் கோலாவான்னு கேட்டா சுகர்காரங்களுக்கு டயட்தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. தண்ணியா டயட் சோடாவான்னு கேட்டா தண்ணிதான்.

பாம்பன், தங்கச்சிமடம் பெட்டிக்கடையில எல்லா நாளும் இது கிடைக்காது, ராம்நாடு பக்கம் சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும். வாங்கும்போது கேனைத் திருப்பிப் பாருங்க. சத்து விவரப் பட்டியல்ல சர்க்கரை 0 கிராம்னு இருக்கணும். "சர்க்கரை குறைவு", "லைட்"னு போட்டிருக்கதெல்லாம் ஜீரோ ஆகாது. கடைக்காரர் கேனோட நிறத்தைப் பாத்து மாத்திக் குடுத்துருவாரு, சாதாவும் ஜீரோவும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும், குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே படிங்க.

கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துருக்குமே, அதோட விஷயம் இதுதான். 2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஆஸ்பார்டேமை "கேன்சர் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம், ஆனா ஆதாரம் குறைவு"ங்கிற 2பி பட்டியல்ல வச்சாங்க. அதே சமயம் உணவுச் சேர்க்கைப் பொருளைப் பாக்குற நிபுணர் குழு, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் நாளைக்கு எடுக்கலாம்ங்கிற பழைய அளவை மாத்தலன்னு சொன்னாங்க. 70 கிலோ ஆளு அந்த அளவைத் தாண்டணும்னா நாளைக்கு 9 கேனுக்கு மேல குடிக்கணும். 2023 மே மாசம் வந்த இன்னொரு அறிவிப்பு, எடை குறைக்கிறதுக்காக இனிப்பூட்டிகளை நம்பாதீங்கன்னு சொல்லுச்சு, அந்த அறிவிப்பு ஏற்கனவே சுகர் இருக்கவங்களுக்கானது இல்லன்னு அதுலயே எழுதியிருக்கு. இதையெல்லாம் வச்சு நான் சொல்றது, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு குடிச்சா பயந்து சாகத் தேவையில்ல, தினம் மூணு நாலு குடிக்கிறதும் வேணாம்.

ஏன் தினம் வேணாம்னா, முதல்ல நாக்கு இனிப்பை விடவே விடாது. டீயில சர்க்கரை இல்லாமப் பழக நெனைக்கிறப்ப பக்கத்துல 200 மடங்கு இனிப்பைக் குடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிப் பழகும்? அப்புறம் அதுல இருக்க அமிலம் பல்லு எனாமலைக் கரைக்கும், சுகர்காரங்களுக்கு ஈறு பிரச்சனை ஏற்கனவே ஜாஸ்தி. கோலாவுல காஃபீன் இருக்கு, ராத்திரி குடிச்சா தூக்கம் கெடும். பாஸ்பாரிக் அமிலமும் இருக்கு, கிட்னி பாதிச்சவங்க டாக்டரைக் கேக்காமத் தொடவேணாம். பீனைல்கீட்டோனூரியான்னு ஒரு அரிய பிறவி நோய் இருக்கு, அது உள்ளவங்களுக்கு ஆஸ்பார்டேம் அறவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் ஊத்திக் குடுக்காதீங்க. இதைவிடப் பெரிய ஆபத்து அதோட சேர்த்துத் திங்கிறதுல இருக்கு. கையில டயட் கோலா இருக்குங்கிற தைரியத்துல நாலு பரோட்டா உள்ள போயிரும், கோலாவால சுகர் ஏறலைன்னாலும் மைதாவால ஏறிரும், அப்புறம் டயட் சோடா குடிச்சும் சுகர் குறையலயேன்னு கவலைப்படுவாங்க.

வெயிலுக்கு என்னதான் குடிக்கிறதுன்னா, நம்ம ஊர்லயே இருக்கு. வெறும் சோடாவுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஒரு சிட்டிகை உப்பு, பிரஷர் இருந்தா உப்பும் வேணாம். தண்ணியா அடிச்ச மோருல இஞ்சி, கருவேப்பிலை. பானைத் தண்ணி. சோடாக் கடையில சொல்லும்போது "பாகு ஊத்தாம"ன்னு சேர்த்துச் சொல்லுங்க, இல்லன்னா பழக்கத்துல ஊத்திருவாங்க.

டீக்குப் போடுற இனிப்பு மாத்திரை பத்தி ஒரு வரி. ஆஸ்பார்டேம் மாத்திரையை டீ கொதிக்கும்போது போட்டா இனிப்பு போயிரும், எறக்கி வச்சுப் போடணும். சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும்.

சரி, ஸ்வீட்டை எப்படித் திங்கிறது

நம்பர் கட்டுக்குள்ள வந்த பிறகு, எப்பவாவது, திட்டம் போட்டுத் திங்கலாம். கீழக்கரை தொதல் இருக்கே, அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் போட்டு மணிக்கணக்காக் கிண்டி எடுக்குறது, அதை ஆயுசுக்கும் தொடாதேன்னு யாருக்கும் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் தேவையில்ல. ஆனா அதுல இருக்கது மாவு, சர்க்கரை, கொழுப்பு மூணும், அதனால அளவு சின்னது. தீப்பெட்டி அளவு ஒரு துண்டு. முட்டை, தேங்காய்ப்பால் போட்டு அவிக்கிற வட்டலப்பம்னா ரெண்டு மூணு ஸ்பூன். குலாப் ஜாமூன்னா ஒண்ணு, ஜீராவைப் பிழிஞ்சு விட்டுட்டு.

எப்பத் திங்கிறோம்ங்கிறது அளவை விட முக்கியம்னு கூடச் சொல்லுவேன். வெறும் வயித்துல, நாலு மணி டீயோட தனியாத் திங்காதீங்க. சாப்பாடு முடிச்ச கையோட தின்னுங்க. அந்தச் சாப்பாட்டுலயும் முதல்ல காய், மீனு, அப்புறம் சோறு, கடைசியா இனிப்பு, இந்த வரிசையில தின்னா ஒரேயடியா ஏறாம மெதுவா ஏறும். மீனு விஷயத்துல நம்ம கரைக்காரங்க குடுத்து வச்சவங்க, சாளை, காரல், பாறை, நகரைன்னு எது கிடைச்சாலும் கொழம்பு வச்சாலும் அவிச்சாலும் சுகர் ஏறாது, எண்ணெயில முக்கிப் பொரிக்கிறதை மட்டும் குறைங்க. ஸ்வீட் திங்கிற அன்னைக்கு சோத்துல ரெண்டு கரண்டி குறைச்சிருங்க, இனிப்பு மேல்கணக்கா வரக்கூடாது, உள்கணக்கா வரணும். தின்னு முடிச்சு உக்காராதீங்க, படுக்கவே படுக்காதீங்க, 10, 15 நிமிஷம் நடங்க. நடக்கும்போது சதை அந்த சர்க்கரையை இழுத்துக்கும். கடற்கரையில நடந்தா செருப்பு போட்டு நடங்க, சுகர்ல கால் மரத்துப் போனா சிப்பி கிழிச்சதும் சுடுமணல் பொசுக்கினதும் தெரியாது, சின்னக் காயம் பெரிய புண்ணாகி நிக்கும்.

வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா உங்க உடம்பே உங்களுக்குப் பாடம் சொல்லும். திங்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முதல் வாய் வச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பாருங்க. 180க்குள்ள நின்னா அந்த அளவு உங்களுக்குத் தாங்குது, தாண்டுச்சுன்னா அடுத்த தடவை பாதியாக்குங்க. தொதல், பால்கோவா மாதிரி கொழுப்பு சேர்ந்த இனிப்பு மெதுவாத்தான் ஏறும், ரெண்டு மணி நேரத்துல நம்பர் நல்லா இருக்க மாதிரி காட்டிட்டு அதுக்கப்புறம் ஏறும், அதனால முதல் தடவை மட்டும் மூணு நாலு மணி நேரத்துலயும் ஒண்ணு பாத்துருங்க. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டுக் கழுவித் தொடைங்க, விரல்ல கொஞ்சம் இனிப்போ பழச்சாறோ ஒட்டியிருந்தாலும் மெஷின் 50, 100 கூடக் காட்டிரும், அதைப் பாத்து வீடே கலங்கும்.

சுகர் ஃப்ரீ ஸ்வீட்டுன்னு கடையில விக்கிறதை நம்பி கால் கிலோ வாங்கி வைக்காதீங்க. சர்க்கரை மட்டும்தான் இல்ல, மைதா, கோவா, நெய் எல்லாம் அப்படியே இருக்கு, அதுல ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு சுகரையோ எடையையோ ஏத்தும். சிலதுல மால்டிட்டால் போடுவாங்க, அது சுகரைக் கொஞ்சம் ஏத்தவும் செய்யும், நெறையத் தின்னா வயித்தாலயும் போகும். என்னைக் கேட்டா அதுல நாலு துண்டு திங்கிறதுக்கு நல்ல தொதல்ல ஒரு சின்னத் துண்டு தின்னுட்டு நிம்மதியா இருங்கன்னுதான் சொல்லுவேன்.

தின்னுட்டோமேன்னு பயந்து மாத்திரையை ரெண்டாப் போடுறது மட்டும் கூடவே கூடாது. எதனாலன்னு கீழ சொல்றேன்.

விருந்து, நோன்பு

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சகன்ல உக்காந்து நாலஞ்சு பேரு ஒரே தட்டுல சாப்பிடும்போது நாம எவ்வளவு தின்னோம்னு நமக்கே தெரியாது. அந்த மாதிரி எடத்துல இனிப்பை மட்டும் முதல்லயே ஒரு சின்னக் கிண்ணத்துல தனியா எடுத்து வச்சிருங்க, அதுதான் உங்க பங்கு. வற்புறுத்துறவங்ககிட்ட சண்டை போட வேண்டியதில்ல. "லாத்தா, ஒரு துண்டு எடுத்துக்கிட்டேன், மனசு நெறஞ்சிருச்சு, மிச்சத்தைப் பொட்டலமாக் கட்டிக் குடுங்க, பிள்ளைகளுக்குக் கொண்டுபோறேன்"னு சொன்னா யாரும் மனசு சங்கடப்பட மாட்டாங்க. விருந்து வைக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், சுகர்னு ஒருத்தர் சொன்னா நாலு பேரு முன்னாடி "அப்ப உங்களுக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு சத்தமாச் சொல்லாதீங்க, தட்டுல திணிக்கவும் திணிக்காதீங்க. கலருக்குப் பதிலா ஒரு சொம்பு மோரு வச்சா அதை விடப் பெரிய மரியாதை கிடையாது.

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்குங்க, ஒரு சின்னப் பழத்துலயே அஞ்சாறு கிராம் சர்க்கரை இருக்கு. கஞ்சி குடிங்க, ரோஸ் சர்பத்தை விட்டுருங்க. நோன்பு வைக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்து மாத்திரை நேரத்தை மாத்தி வாங்கிக்கணும், இது கட்டாயம். பகல்ல சுகர் 70க்குக் கீழ போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை முறிச்சிரணும், தள்ளிப்போடக்கூடாது.

சுகர் எறங்குறப்ப டயட் சோடா ஆகவே ஆகாது

இதை வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. சுகர் ஏறுறது மட்டும் ஆபத்து இல்ல, எறங்குறதும் ஆபத்து, அது நிமிஷக் கணக்குல ஆளைச் சாய்ச்சிரும். மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இது அவ்வளவா வராது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கும் இன்சுலின் போடுறவங்களுக்கும் வரும். ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரையா நிறைய பேருக்குக் குடுக்குறாங்க, அட்டையில கிளிமிபிரைடுன்னு பேரு இருக்கான்னு பாத்து வச்சுக்குங்க. மாத்திரையை ரெண்டாப் போடாதீங்கன்னு சொன்னது இதனாலதான்.

கை நடுக்கம், குப்புன்னு வேர்வை, படபடப்பு, பேய்ப்பசி, கண்ணு மங்குறது, பேச்சு குழறுறது வந்தா முடிஞ்சா டெஸ்ட் பண்ணுங்க, 70க்குக் கீழன்னா, இல்ல டெஸ்ட் பண்ண வழியே இல்லன்னா, உடனே 15 கிராம் சர்க்கரை உள்ள போகணும். மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கலாம், குளுக்கோஸ் பவுடர் மூணு நாலு ஸ்பூன், இல்லன்னா சாதா கலர் அரை கிளாஸ். 15 நிமிஷம் பொறுத்துப் பாத்து இன்னும் 70க்குக் கீழ இருந்தா திரும்பக் குடுங்க, சரியானதும் எதாவது சாப்பிடுங்க. அந்த நேரத்துல டயட் சோடாவைக் குடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுல சர்க்கரையே கிடையாதே, குடுத்துட்டோம்னு நெனச்சு உக்காந்திருக்க நேரம் வீணாகி ஆளு மயங்கிருவாரு. லட்டு, சாக்லேட்டும் வேணாம், கொழுப்பு அதை மெதுவாக்கிரும். வோக்லிபோஸ், அகார்போஸ் போடுறவங்களுக்கு சாதா சீனி சீக்கிரம் செரிக்காது, அந்த மருந்தோட வேலையே சீனியை உடைய விடாமத் தடுக்குறது, அவங்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான் குடுக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, பொறை ஏறிரும், 108க்குக் கூப்பிடுங்க.

கடலுக்குப் போறவங்க இதைக் கூடுதலாக் கவனிக்கணும். ராத்திரி முழுக்க வலை இழுக்குற வேலை, சாப்பாட்டு நேரம் முன்னப் பின்ன ஆகும், கூட இருக்கவங்க வெயில் மயக்கம்னோ தண்ணி போட்டுருக்கான்னோ நெனச்சு விட்டுருவாங்க. குளுக்கோஸ் பாக்கெட்டைப் பாலித்தீன்ல சுத்தி வச்சுக்குங்க, எனக்கு சுகர் இருக்கு, இப்படி ஆனா இதைக் குடுங்கன்னு படகுல ஒருத்தருகிட்டயாவது சொல்லி வைங்க. வெறும் வயித்துல சரக்கு அடிச்சா சுகர் இன்னும் எறங்கும், டயட் கோலா கலந்து அடிக்கிறேன்னு சொல்றதுல ஒரு பாதுகாப்பும் இல்ல.

தடைக்காலம் இதுக்கு நேர் எதிர். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, உடம்புக்கு அசைவு இருக்காது, டீக்கடையில உக்காந்தா டீ எண்ணிக்கை ஏறும், பதநீர் நுங்கு சீசனும் அதே நேரத்துலதான். கடலுக்குப் போறப்பக் கட்டுல இருந்த சுகர் அந்த ரெண்டு மாசத்துல பலருக்கு எகிறிரும். அந்த மாசங்கள்ல காலைலயும் சாயங்காலமும் நடையைக் கூட்டுங்க, இனிப்பை இன்னும் குறைங்க. திரும்பக் கடலுக்குப் போக ஆரம்பிக்கும்போது மாத்திரை அளவு இதேதானான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க.

மாத்திரை செலவுக்குப் பயந்து யாரும் நிறுத்தாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம், 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்குறாங்க, பேரு பதியலன்னா உங்க ஊரு நர்ஸம்மாகிட்டக் கேளுங்க. முதல் தடவை போறப்பவே கண்ணு, கால், கிட்னி டெஸ்ட்டையும் எழுதித் தரச் சொல்லுங்க, சுகர் நமக்குத் தெரியிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே சத்தமில்லாம வந்திருக்கலாம். டாக்டர்கிட்ட ஸ்வீட்டே திங்கலன்னு பொய் சொல்லாதீங்க. என்னைக்கு என்ன தின்னீங்க, முன்னாடி எவ்வளவு இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவுன்னு ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதிக் கொண்டுபோங்க, அதைப் பாத்தாத்தான் அவங்க மருந்தைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு சரியா முடிவு பண்ண முடியும்.